ரிசப்ஷன் மேசையின் விதி: பாங்காக்கில் தனியாகத் தங்க அறை தேடுவது எப்படி

பாங்காக்குக்குத் தனியாகப் போகும் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண், அறை தேடும்போது பெரும்பாலும் இரண்டு பாதைகளில் ஒன்றைப் பிடிக்கிறார். ஒன்று, வாசலில் வானவில் கொடி தொங்கும் விடுதி. மற்றது, யார் கண்ணிலும் படாமல் சந்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் விடுதி. முதலாவதில் வரவேற்பு இருக்கும் என்று நம்புகிறார். இரண்டாவதில் மறைவு இருக்கும் என்று நம்புகிறார். இரண்டு நம்பிக்கையும் பாதிதான் சரி. கொடி தொங்கும் விடுதியிலும் இரவு பதினோரு மணிக்கு உங்களோடு வரும் நண்பரை லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆயிரம் பாட் கேட்கலாம். சந்துக்குள் இருக்கும் விடுதியில் எட்டே அறைகள் என்றால், நீங்கள் எத்தனை மணிக்கு யாரோடு வந்தீர்கள் என்பது விடிவதற்குள் சமையலறைவரை போயிருக்கும். தேட வேண்டியது கொடியையும் அல்ல, சந்தையும் அல்ல, ஒரு விதியை. அறைக்கு இன்னொருவர் வந்தால் என்ன நடைமுறை என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டு, அதை ஆண் பெண் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தும் விடுதிதான் நமக்கு ஏற்றது. விதி இருக்கும் இடத்தில் ரிசப்ஷனில் நிற்பவர் உங்களைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. அவராக முடிவெடுக்க வேண்டி வரும்போதுதான் ஏற இறங்கப் பார்ப்பது, நமட்டுச் சிரிப்பு, பேரம் எல்லாம் உள்ளே நுழைகின்றன. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கருத்தைத்தான் விரித்துச் சொல்கிறது.

யாரிடமிருந்து மறைவு?

முதல் ஆட்சேபம் இப்படி வரும்: தாய்லாந்து திறந்த நாடு, அங்கே எதற்கு மறைவு? கேள்வி நியாயமானது. பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்ற 377-ஆம் பிரிவு இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 வரை வயதுவந்தவர்களின் சம்மத உறவையும் குற்றமாக வைத்திருந்தது. சிங்கப்பூரில் அதன் தம்பியான 377ஏ 2023 ஜனவரியில்தான் நீங்கியது. காலனியாக இருந்திராத தாய்லாந்தோ 1956-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் தொகுப்பிலேயே அப்படியொரு குற்றத்தைக் கைவிட்டுவிட்டது. 2025 ஜனவரி 23 முதல் அங்கே இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். தென்கிழக்கு ஆசியாவில் அதைச் செய்த முதல் நாடு அதுதான். ஆகவே இரண்டு ஆண்கள் ஒரே கட்டிலுள்ள அறைக்குள் போவது பாங்காக் ரிசப்ஷன்காரருக்கு ஒரு செய்தியே இல்லை. தாய்லாந்துக்காரரிடமிருந்து மறைய வேண்டிய அவசியம் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது.

மறைவு தேவைப்படுவது நம்மவரிடமிருந்துதான். சென்னையிலிருந்து மூன்றரை மணி நேர விமானப் பயணம். அலுவலக நண்பர்கள், பக்கத்து வீட்டுக் குடும்பம், மாமாவின் தொழில் பங்காளி என்று யார் வேண்டுமானாலும் அதே வாரத்தில் அதே ஊரில் இருக்கலாம். பிரதுநாம் பக்கத்து விடுதிகளும் சுகும்வித் சாலையின் நானா பகுதியும் இந்தியச் சுற்றுலாக் குழுக்கள் அதிகம் இறங்கும் இடங்கள். சீலோம் சாலையின் கதை இன்னும் வேடிக்கையானது. சாலாடேங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சீலோமின் 2-ஆம், 4-ஆம் சந்துகள் பல பத்தாண்டுகளாக நகரத்தின் தன்பாலீர்ப்பு இரவு வாழ்க்கைக்குப் பெயர் பெற்றவை. அதே சாலையில் மேற்கே ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் பான் சாலை முனையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் நிற்கிறது. தாய்லாந்துக்காரர்கள் அதை ‘வாட் கேக்’ என்பார்கள். நவராத்திரி முடியும் விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையே அடைக்கப்படும். பாங்காக் வந்த தமிழ்க் குடும்பம் ஒரு முறையாவது எட்டிப் பார்க்கும் கோயில் அது. சுற்றுவட்டாரத்தில் ரத்தின வியாபாரம் செய்யும் இந்தியர்களும் நிறைய. ஆகவே, ‘கே’ பகுதியில் தங்கினால் நம்மவர் கண்ணில் பட மாட்டோம் என்ற கணக்கு, எந்த ஊர்க்காரருக்குப் பலித்தாலும் தமிழருக்குப் பலிக்காது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளிது. சீலோமில் தங்குவதானால் சாலையின் கிழக்குப் பக்கம், சாலாடேங்குக்கும் சாத்தோனுக்கும் இடையே பாருங்கள். கோயிலை ஒட்டிய சுரசாக் பக்கத்தைத் தவிருங்கள், அதிலும் செப்டம்பர், அக்டோபர் மாத நவராத்திரி நாட்களில் நிச்சயமாகத் தவிருங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் சொங்க்ரான் நீர்த் திருவிழாவிலும் சீலோம் நிரம்பி வழியும். அந்த நாட்களில் அறை வாடகையும் ஏறும், வாசல் காவலும் இறுகும். அமைதி வேண்டுமென்றால் ஆரி போன்ற பகுதியில் தங்கி, மின்ரயிலில் சீலோமுக்குப் போய்வரலாம். ரயில் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும் என்பதால் திரும்புவதற்கு டாக்சிச் செலவை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் என்ன நடக்கிறது

இனி விதிக்கு வருவோம். தாய்லாந்து விடுதிகளில் பதிவு செய்யாத இரண்டாவது ஆளை ‘ஜாய்னர்’ என்கிறார்கள். அவரை அறைக்கு அழைத்துவரக் கட்டணம் கேட்கும் விடுதிகள் உண்டு. அதற்கு ‘ஜாய்னர் ஃபீ’ என்று பெயர். ஐந்நூறு பாட்டும் கேட்பார்கள், ஆயிரத்துக்கு மேலும் கேட்பார்கள். கட்டணம் கேட்காத விடுதியை ‘கெஸ்ட் ஃப்ரெண்ட்லி’ என்பார்கள். இந்தச் சொற்கள் மதுக்கடைத் தெருக்களிலிருந்து வந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாலியல் தொழில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சம்பந்தப்பட்டால் தண்டனை மிகக் கடுமை. தன் கட்டடத்துக்குள் சிறார் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்ற பயமும், அறையில் திருட்டு நடந்தால் ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்ற கவலையும் விடுதிக்காரருக்கு எப்போதும் உண்டு. வாசல் விதிகள் பிறந்தது இந்த இரண்டிலிருந்துதான். அங்கே அளக்கப்படுவது உங்கள் ஈர்ப்பு எந்தப் பக்கம் என்பதல்ல. பெண்ணோடு வரும் ஆணுக்கும் அதே கட்டணம்தான், அதே அட்டைதான்.

அந்த நடைமுறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நீங்களும் நண்பரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள். ரிசப்ஷனில் இருப்பவர் எழுந்து, நண்பரிடம் தாய் மொழியில் மெதுவாக ஒரு சொல் சொல்கிறார்: ‘பத்’. ‘பத் பிரச்சாச்சோன்’ என்ற குடிமக்கள் அடையாள அட்டையின் சுருக்கம் அது. நண்பர் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுகிறார். அவருக்கு இது பழகிய வேலை. ரிசப்ஷன்காரர் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, உங்கள் அறை எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அட்டையோடு சேர்த்து இழுப்பறைக்குள் வைக்கிறார். அரை நிமிடம்கூட ஆகாது. நண்பர் கிளம்பும்போது மறுபடியும் மேசைக்கு வருவார். அப்போது ஒழுங்கான விடுதியில் ஒரு வேலை நடக்கும்: உங்கள் அறைக்கு ஒரு போன் வரும். எல்லாம் சரிதானே, உங்கள் விருந்தாளி புறப்படுகிறார் என்பார்கள். நீங்கள் சரி என்ற பிறகே அட்டை திரும்பக் கிடைக்கும். அந்தப் போனை எரிச்சலோடு எடுக்காதீர்கள். மணிபர்ஸ், கைக்கடிகாரம், மடிக்கணினி மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தனியாகப் பயணம் செய்பவருக்கு அந்த ஊரில் கிடைக்கும் மிக மலிவான காப்பீடு அது.

இங்கே இரண்டாவது ஆட்சேபம் எழும்: மறைவு வேண்டும் என்று தேடுபவரிடம், அட்டையை வாங்கி வைக்கும் விடுதிக்குப் போ என்பது முரண் இல்லையா? எதுவுமே கேட்காத விடுதி அல்லவா மேல்? முதல் பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் எதுவுமே கேட்காத இடத்தில், ஏதாவது தவறு நடந்தால் உங்களுக்குத் துணையாக எந்தக் காகிதமும் இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு போன் காணாமல் போனால், வந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்தது ஒரு செயலியில் பார்த்த புனைபெயர் மட்டும்தான். காவல் நிலையம் போனால் முழுக் கதையையும் நீங்களே சொல்ல வேண்டிவரும். அதைவிட மறைவு கெடும் சந்தர்ப்பம் வேறு இல்லை. அட்டை இழுப்பறையில் இருந்தாலோ, பெரும்பாலான தகராறுகள் தொடங்குவதே இல்லை. விதி இல்லாத விடுதியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே விதியை இரவுக் காவலர் உண்டாக்குவார். இன்றைக்கு இருநூறு பாட், நாளைக்கு ஐந்நூறு. உங்கள் பயம் முகத்தில் தெரியத் தெரிய அவர் கேட்கும் தொகை ஏறும். சுவரில் விதி ஒட்டியிருந்தால் பயத்துக்கு விலை வைக்க முடியாது.

ஆனாலும் இந்த ஆட்சேபத்தில் ஏற்க வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. மறைவு உங்கள் ஒருவருக்கு மட்டும் உரிமையானதல்ல. வரும் நண்பருக்கும் வீடு, குடும்பம், வேலை இருக்கிறது. தாய்லாந்து அடையாள அட்டையில் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் இல்லை, வீட்டு முகவரியும் இருக்கும். அட்டையை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் விடுதி, அதை நகலெடுத்துக் கோப்பில் சேர்க்கும் விடுதியைவிட அவருக்கு நல்லது. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, விடுதியில் அட்டை கேட்பார்கள் என்று சந்திப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். லாபியில் நாலு பேருக்கு முன்னால் அவர் அதை முதல்முறையாகக் கேள்விப்படக் கூடாது. அட்டையைக் காட்ட மறுப்பவரை அறைக்கு அழைத்து வராதீர்கள். ஒரு காபிக் கடையில் பேசிவிட்டு வந்துவிடலாம். வயது விஷயத்தில் சமரசமே கூடாது. அங்கே புத்த ஆண்டுக் கணக்கு வழக்கத்தில் இருப்பதால் அட்டையில் 2540-களில் ஓர் ஆண்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். 543-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். வருபவர் தாய்லாந்துக்காரர் அல்லாமல் இன்னொரு பயணி என்றால் மேசையில் பாஸ்போர்ட் கேட்பார்கள். போனில் இருக்கும் படம் போதுமா, அசலே வேண்டுமா என்பது விடுதிக்கு விடுதி மாறும். அதையும் கேட்டு வையுங்கள்.

எந்த வகைக் கட்டடம்

விதி ஒன்றாக இருந்தாலும் அதை அனுபவிக்கும் விதத்தைக் கட்டடம் மாற்றிவிடும். பத்துப் பதினைந்து அறைகளுள்ள குடும்ப விடுதியில் அன்பு அதிகம், ஆனால் கண்களும் அதிகம். முதலாளியம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். காலையில் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் எல்லோரையும் விசாரிப்பார்கள். மறுமுனையில் ஐந்நூறு அறைகளுள்ள பெரிய விடுதி. அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் நம்மூர்ச் சுற்றுலாக் குழுக்களும் மருந்துக் கம்பெனி மாநாடுகளும் கல்யாணக் கோஷ்டிகளும் இறங்குவதும் அங்கேதான். காலைச் சிற்றுண்டிக் கூடத்தில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ‘சார், நீங்க எந்த ஊரு?’ என்று குரல் வரும் இடம் அது. நடுத்தர அளவு, அதாவது எண்பதிலிருந்து இருநூறு அறைகளுக்குள், குழு முன்பதிவைவிடத் தனிப் பயணிகளையும் வேலையாக வருபவர்களையும் நம்பி நடக்கும் விடுதி நம் தேவைக்குச் சரியாகப் பொருந்தும். அங்கே இரவு முழுவதும் ரிசப்ஷனில் ஆள் இருப்பார். வருகிறவர் போகிறவரை நினைவு வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு நேரம் இருக்காது.

படங்களையும் விருந்தினர்களின் விமர்சனங்களையும் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். லிஃப்ட் எங்கே இருக்கிறது? ரிசப்ஷனுக்குப் பக்கவாட்டில் இருந்தால், அட்டை கொடுத்துவிட்டு நாலு எட்டில் உள்ளே போய்விடலாம். லாபி சோபாக்களைத் தாண்டி நடந்து போகும்படி இருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பார்வையாளர்கள். லிஃப்ட் சாவி அட்டை இல்லாமல் நகருமா? நகராது என்றால் நண்பரைத் தனியே மேலே வரச் சொல்ல முடியாது, நீங்கள் கீழே வந்து அழைத்துப் போக வேண்டும். இது தொல்லை என்றாலும் பாதுகாப்பு. சிற்றுண்டி வாடகையோடு சேர்ந்ததா? சேராத வாடகையை எடுத்துக்கொண்டு, தெருமுனைக் கடையில் சாப்பிடுவது நம்மூர் முகங்களைத் தவிர்க்க எளிய வழி, பணமும் மிச்சம்.

மூன்றாவது ஆட்சேபம் இப்போதெல்லாம் அதிகம் கேட்கக் கிடைப்பது: விடுதியே வேண்டாம், நாள் வாடகைக்கு ஓர் அடுக்குமாடி வீடு எடுத்துக்கொண்டால் ரிசப்ஷனும் இல்லை, அட்டையும் இல்லை, கேள்வியும் இல்லையே? தாய்லாந்தில் இந்த வழி நினைப்பதைவிடக் கரடுமுரடானது. 2004-ஆம் ஆண்டின் விடுதிச் சட்டப்படி, உரிமம் இல்லாத இடத்தை முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது முறைகேடு. அடுக்குமாடி வீடுகளை நாள் கணக்கில் விட்டதற்காக ஹுவா ஹின் நீதிமன்றம் 2018-இல் உரிமையாளர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறது. பல கட்டடங்களின் லாபியில் நாள் வாடகைக்கு அனுமதி இல்லை என்ற பலகையே மாட்டியிருக்கும். விளைவு என்ன? காவலர் கேட்டால் நான் உரிமையாளரின் நண்பன் என்று சொல்லுங்கள் என வீட்டுக்காரர் உங்களுக்குச் சொல்லித் தருவார். மறைவு தேடி வந்தவர் முதல் நாளே காவலரிடம் பொய் சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறார். அந்தக் காவலர் வாரம் முழுக்க உங்களையும் உங்களோடு வருபவரையும் ஒரு கண் வைத்துப் பார்ப்பார். விடுதி ஊழியர் உங்களைப் பார்ப்பது அவர் வேலையின் ஒரு பகுதி. அடுக்குமாடிக் காவலர் பார்ப்பது சந்தேகத்தால். ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குபவருக்கு மட்டும் முறையான ஒப்பந்தத்தோடு வீடு எடுப்பது நல்ல வழி.

வானவில் சின்னத்தின் மதிப்பும் எல்லையும்

கொடியைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னதை இங்கே சரிசெய்துகொள்ள வேண்டும். சின்னங்கள் வீண் என்பது என் வாதம் அல்ல. புக்கிங் டாட் காம் தளம் 2021-இல் தொடங்கிய ‘டிராவல் ப்ரவுட்’ திட்டத்தில், விடுதி ஊழியர்களுக்கு வரவேற்கும் முறை பற்றி இலவசப் பயிற்சி கொடுத்து, முடித்த விடுதிகளின் பக்கத்தில் அதைக் குறிப்பிடுகிறார்கள். தன்பாலீர்ப்புப் பயணிகளுக்காகவே நடக்கும் மிஸ்டர் பி அண்ட் பி போன்ற தளங்களும் உண்டு. இரண்டு ஆண்கள் ஒரே கட்டில் கேட்டு முகம் சுளிக்கப்படும் நாடுகளில் இந்தச் சின்னம் பெரிய உதவி. ஆனால் அது சொல்வது, உங்களை எப்படி நடத்துவார்கள் என்பதை. அறைக்கு வருபவரை என்ன செய்வார்கள் என்பதைச் சொல்வதில்லை. அது வேறு துறையின் விதி. பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர் பகல் நேர ஊழியராக இருக்கலாம், வாசலில் நிற்பவர் இரவு நேரக் காவலராக இருக்கலாம். போதாததற்கு, அத்தகைய தளத்தின் பெயர் உங்கள் மின்னஞ்சலிலும் வங்கிக் கணக்கு விவரத்திலும் அப்படியே வந்து உட்காரும். வீட்டில் மின்னஞ்சலைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆகவே சின்னத்தைத் தொடக்கப் பட்டியல் தயாரிக்கப் பயன்படுத்துங்கள். முடிவை விடுதியின் பதிலை வைத்து எடுங்கள்.

கேட்கும் முறை

பதில் வாங்குவதற்குக் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்படுவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். கூச்சத்துக்குக் காரணம், கேள்வியில் நம்மைப் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வது. ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த நாலைந்து விடுதிகளுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் தனியாகத் தங்குகிறேன், உள்ளூர் நண்பர் ஒருவர் இரவில் அறைக்கு வரக்கூடும், கூடுதல் கட்டணம் உண்டா, மேசையில் என்ன அடையாளம் கொடுக்க வேண்டும், அதை வைத்துக்கொள்வீர்களா நகலெடுப்பீர்களா? அவ்வளவுதான். நண்பர் ஆணா பெண்ணா என்று எழுத வேண்டாம். விதி உள்ள விடுதி அதைக் கேட்காது. பதிலுக்கு ‘யார் அந்த நண்பர்?’ என்று வந்தால், அந்த விடுதியில் விதிக்குப் பதில் மனிதர்களின் விருப்பு வெறுப்பு ஆட்சி செய்கிறது என்று பொருள், அடுத்ததைப் பாருங்கள். தெளிவான பதில் வந்தால் அதைப் படமாக எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறி, புதியவர் ஒருவர் வேறு தொகை கேட்டால், வாக்குவாதம் வேண்டாம். படத்தைக் காட்டினால் போதும்.

இன்னொரு எளிய உத்தி, முன்பதிவு செய்யும்போதே இரண்டு பெரியவர்கள் என்று குறிப்பிடுவது. அங்கே பல விடுதிகளில் வாடகை அறைக்குத்தான், தலைக்கு அல்ல. ஒருவருக்கும் இருவருக்கும் ஒரே தொகை வருவது சகஜம். இருவருக்கான அறையில் இரண்டாவது ஆளுக்குக் கட்டணம் கேட்க முகாந்திரம் குறைவு. ஆனால் இதைச் சர்வ ரோக நிவாரணியாக நினைக்க வேண்டாம். அறைக்கு வருபவர் வேறு வேறு ஆளாக இருந்தால் அதைத் தனியாகப் பார்க்கும் விடுதிகள் உண்டு. அடையாள அட்டையும் எப்படியும் கேட்பார்கள். விடுதிச் சட்டம் தங்குபவர் விவரத்தைப் பதிந்து வைக்கச் சொல்கிறது; விடியும்வரை இருப்பவரும் தங்குபவர்தான். விதியைச் சுற்றிக்கொண்டு போகும் தந்திரமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடகைக் கணக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வழி, அவ்வளவே.

காகிதம் எங்கே போகிறது

ரிசப்ஷன் மேசையைவிட அதிகமாக ஆளைக் காட்டிக்கொடுப்பது ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் காகிதம். உங்கள் பாஸ்போர்ட் விவரம் தாய்லாந்துக் குடிநுழைவுத் துறைக்குப் போகும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. இதற்குப் பயப்பட ஒன்றும் இல்லை. அதில் போவது நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பது. கவனிக்க வேண்டியது கடைசி ரசீது. ஜாய்னர் கட்டணத்தை அறைக் கணக்கில் ஏற்றினால், கூடுதல் ஆள் என்று ஒரு வரி அச்சாகி, அந்த ரசீது மின்னஞ்சலுக்கு வரும். அலுவலகச் செலவுக் கணக்கில் கொடுப்பவர் என்றால் நேரே கணக்கு அதிகாரியின் மேசைக்குப் போகும். அந்தத் தொகையை அன்றன்றே ரொக்கமாகக் கொடுத்துத் தனி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக வேலையாகப் போயிருந்தால், சொந்த நாட்களுக்கு வேறு விடுதியில் உங்கள் சொந்தக் காசில் அறை எடுப்பது இன்னும் நல்லது. குடும்பத்தோடு பகிர்ந்த வரைபடச் செயலியில் இருப்பிடம் காட்டும் வசதியையும், எடுக்கும் படங்கள் தானாக வீட்டுக் கணினிக்கு ஏறும் வசதியையும் விமானம் ஏறுமுன் நிறுத்திவிடுங்கள். அதே சமயம் யாருக்குமே தெரியாமல் போகாதீர்கள். நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் விடுதியின் பெயரும் அறை எண்ணும் இருக்கட்டும். எல்லோரிடமிருந்தும் மறைந்தவருக்கு ஆபத்தில் குரல் கொடுக்க ஆளில்லாமல் போய்விடும்.

இந்த முறை செல்லாத இடங்கள்

கடைசியாக ஓர் எல்லைக் கோடு. மேலே சொன்னது அனைத்தும், சட்டம் தண்டிக்காத நாட்டுக்கே பொருந்தும். அங்கே விதி உங்களைக் காப்பதற்குக் காரணம், விதிக்குப் பின்னால் இருக்கும் அரசுக்கு உங்கள் படுக்கையறையில் வேலை இல்லை என்பதுதான். பாங்காக்கிலிருந்து தெற்கே மலேசியா போனால் நிலைமை தலைகீழ். அங்கே தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. முஸ்லிம்களுக்கு மதச் சட்டமும் சேரும், விடுதி அறைகளில் சோதனை நடப்பதும் உண்டு. இலங்கையில் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. வளைகுடா நாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அத்தகைய இடங்களில் மேசையில் கொடுக்கும் அட்டை பாதுகாப்பு ஆகாது, சாட்சியமாகிவிடும். பாங்காக்கில் நல்ல பழக்கம் எதுவோ, கோலாலம்பூரில் அதுவே ஆபத்து. ஒரு நாட்டில் பழகிய துணிச்சலை அடுத்த நாட்டுக்குச் சுமந்து போகாதீர்கள். அங்கே அறை உங்களுக்குத் தூங்க மட்டும், நண்பரைச் சந்திப்பது சாப்பாட்டுக் கடையில்.

மேசையில் நிற்பவர் உங்களை ஆதரிக்க வேண்டும் என்றோ, புரிந்துகொள்ள வேண்டும் என்றோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமும் கூச்சமும்தான் மிஞ்சும். அவருக்கு ஒரு விதி தெரிந்திருந்தால் போதும். அதை உங்களுக்கு முன்னால் வந்தவருக்கும் பின்னால் வரப்போகிறவருக்கும் ஒரே மாதிரி நடத்தினால் போதும். இழுப்பறையில் உங்கள் நண்பரின் அட்டைக்குப் பக்கத்தில் வேறு அறைகளுக்கு வந்தவர்களின் அட்டைகளும் நாலைந்து கிடக்கும். அவற்றில் ஒன்றாகக் கிடப்பதுதான் நீங்கள் தேடிய மறைவு. புறப்படும் நாளன்று முன்பணத்தைத் திரும்ப வாங்கி, ரசீதை அங்கேயே நின்று ஒரு முறை படித்துப் பார்த்து, தவறான வரி இருந்தால் மாற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.